சீப்பும் தாள் துண்டும்: ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சோதனை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அதையொட்டி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் செய்துபார்க்க ஒரு சோதனை கொடுத்திருக்கிறோம். கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பிளாஸ்டிக் சீப்பு, பழைய செய்தித்தாள், தண்ணீர்க் குழாய் போதும்.

தாளை அரிசி அளவுக்குக் கிழித்துத் தரையில் போடட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், போன வருடம் சில வீடுகளில் தாள் பறந்ததே விசிறிக் காற்றில்தான். காய்ந்த தலையை இருபது, முப்பது முறை வேகமாகச் சீவிவிட்டு, சீப்பைத் தாள்களுக்கு மேலே விரற்கடை உயரத்தில் பிடித்தால் அவை துள்ளி வந்து ஒட்டும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால், ஒட்டியவற்றில் சில தாமாகவே தெறித்து விழும். ஏன் என்று வகுப்பில் பேசுவோம். அடுத்து, குழாயை நூல்போல ஒழுகும்படி திறந்து, மறுபடி சீவிய சீப்பை அருகே கொண்டுபோனால் தண்ணீர் அதன் பக்கம் வளையும். சீப்பு நனைந்தால் துடைத்துக் காயவைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

உரசும்போது முடியிலிருந்து எலக்ட்ரான்கள் என்னும் மின்னூட்டமுள்ள நுண்துகள்கள் கொஞ்சம் சீப்புக்குத் தாவுகின்றன; தாளையும் தண்ணீரையும் இழுப்பது அவைதான். ஈரம் இருந்தால் அவை அங்கே தங்காது. எண்ணெய்த் தலையிலும் சோதனை சரியாக வராது. தினமும் எண்ணெய் வைத்துப் படிய வாரி அனுப்பச் சொல்வதே நாங்கள்தான்! ஆகவே ஞாயிறன்று தலைக்குக் குளித்து, முடி நன்றாக உலர்ந்தபின் செய்யட்டும்.

இன்னொன்று. போன வருடம் எல்லா நோட்டிலும் "ஒட்டியது" என்றே இருந்தது. ஒரு பையனைத் தனியாகக் கேட்டேன். "ஒட்டலை சார், அம்மாதான் அப்படி எழுதச் சொன்னாங்க" என்றான். ஒட்டவில்லை என்றால் ஒட்டவில்லை என்றே எழுதட்டும். தலை ஈரமா, எந்த நேரம், சீப்பு எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், சீப்பு பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

சீப்பில் சேரும் மின்சாரம் மிகக் குறைவு, ஆபத்தில்லை. சுவரிலுள்ள பிளக் பாயிண்ட் அப்படியல்ல; அதில் சீப்பையோ கம்பியையோ நுழைக்கக் கூடாது என்று கட்டாயம் சொல்லிவையுங்கள்.

திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். அன்றைக்கு எண்ணெய் வைத்தே அனுப்பலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்