திருவொற்றியூரிலும் சோழர் கல் பேசுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

சோழர் கலை என்றதும் தஞ்சாவூருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் பஸ் ஏறுகிறோம். வடசென்னையில் இருப்பவர்களுக்கு அது மெட்ரோ தூரத்திலேயே இருக்கிறது. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் ஆதிபுரீஸ்வரர் சன்னதியைப் பின்பக்கமாகச் சுற்றி வந்து பாருங்கள். மூலையே இல்லாமல் சுவர் அரைவட்டமாக வளைந்து போகும். படுத்திருக்கும் யானையின் முதுகுபோல இருப்பதால் இதைத் தூங்கானை மாடம் என்பார்கள். சதுரக் கருவறை என்றால் கல்லை நேராக வெட்டினால் போதும். இங்கே அடித்தளம் முதல் மேல்விளிம்பு வரை ஒவ்வொரு கல்லையும் வளைவுக்குத் தகுந்தபடி செதுக்கி, இணைப்பு பிசகாமல் அடுக்க வேண்டும். லேசான வேலையா அது?

முதலாம் ராஜேந்திரன் (1014–1044) காலத்தில் இந்த விமானத்தைக் கருங்கல்லில் எழுப்பியவர் ரவி என்கிற வீரசோழத் தச்சர். கல்வெட்டே அவர் பெயரைச் சொல்கிறது. அரசன் பெயர் நிலைப்பது சரி, கட்டியவர் பெயரும் நிலைப்பது அபூர்வம். பாணினியின் சமஸ்கிருத இலக்கணம் சொல்லிக்கொடுக்க இங்கே ஒரு மண்டபமே இருந்ததாகவும் கல்வெட்டு உண்டு. (வடசென்னை என்றாலே ரவுடி கதை எழுதுபவர்கள் கவனிக்கவும்!)

திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்தில் அந்தத் தச்சர் பெயரோடு தமிழில் ஒரு விளக்கப் பலகை வைக்கலாம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் நடத்தியே கூட்டிவரலாம்.

– ஒரு வாசகர், காலடிப்பேட்டை