பயணம் செய்யாமல் உழைத்தவர்களுக்கு: எங்கள் ஆசிரியர் பரிமாற்றத்தின் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இரண்டு நாடுகளிலுள்ள இரண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தின் இறுதி அறிக்கை ஏற்கப்பட்டு, நிதியுதவியின் கடைசித் தவணையும் எங்கள் பள்ளியின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அந்த அறிக்கையில் யார் பயணம் செய்தார், எத்தனை நாள் தங்கினார், எந்த வகுப்பைப் பார்வையிட்டார், எவ்வளவு செலவானது என்பவற்றுக்கெல்லாம் கட்டங்கள் இருந்தன. அந்தப் பயணம் நடப்பதற்காகத் தாங்கள் இருந்த இடத்திலிருந்தே உழைத்தவர்களுக்குக் கட்டம் எதுவும் இல்லை. திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நிதி வழங்கிய அமைப்பின் திட்ட அலுவலருக்கு முதல் வணக்கம். எங்கள் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மதிப்பீட்டாளர் எழுதியிருந்த குறிப்பு சுருக்கமானது: ஆசிரியர்கள் எதைக் காணப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள், திரும்பி வந்த பிறகு மாணவர்களுக்கு எது மாறும் என்று சொல்லவில்லை, மேலும், இது ஒரு பள்ளி எழுதிய திட்டமாகவே தெரிகிறது. அந்தக் குறிப்பு அன்று வலித்தது, ஆனால் அது முற்றிலும் நியாயமானது. அலுவலர் எங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பொறுமையாக விடையளித்தார். செயல்பாடுகளின் பட்டியலுக்கும் விளைவுகளின் பட்டியலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் விளக்கியதற்குப் பிறகுதான், நாங்கள் எழுதியிருந்ததில் பாதிக்கு மேல் வெறும் பயண நிரல் என்பது எங்களுக்கே புலப்பட்டது. இரண்டாவது விண்ணப்பத்தை இரு பள்ளிகளும் சேர்ந்து, ஒரே ஆவணத்தில், வரிக்கு வரி விவாதித்து எழுதினோம்.

இத்தகைய நிதி இன்னும் இருக்கிறது என்பதற்கே பலருக்கு நன்றி சொல்ல வேண்டும். 1946-இல் அமெரிக்காவில் செனட்டர் ஃபுல்பிரைட்டின் முயற்சியால் நிறைவேறிய சட்டம், போருக்குப் பின் வெளிநாடுகளில் எஞ்சிக் கிடந்த போர்த் தளவாடங்களை விற்ற பணத்தைக் கல்விப் பரிமாற்றத்துக்குத் திருப்பிவிட்டது. யுனெஸ்கோ தனது இணைப்புப் பள்ளிகள் வலையமைப்பை 1953-இல் 15 நாடுகளின் 33 பள்ளிகளோடு தொடங்கியது. ஐரோப்பாவில் பள்ளிகளின் கூட்டுத் திட்டங்களுக்கென 1995-இல் வந்த நிதித்திட்டத்துக்குக் கொமேனியஸ் என்ற பதினேழாம் நூற்றாண்டு ஆசிரியரின் பெயரைச் சூட்டினார்கள். அது 2014-இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்விப் பரிமாற்ற நிதித்திட்டமான எராஸ்மஸ் பிளஸ்ஸோடு இணைந்தது. செலவைக் குறைக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் முதலில் கேள்விக்குள்ளாவது பயணச் செலவுதான் என்பதை அறிந்தவள் என்பதால், இத்தகைய நிதியைக் காத்து நிற்பவர்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இணையவழியிலேயே பேசிக்கொள்ளலாமே, பயணம் எதற்கு என்று எங்களிடமும் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. நாங்களும் ஓராண்டு இணையவழியில்தான் தொடங்கினோம், அந்த ஓராண்டு இல்லாமல் பயணத்தால் பயன் இருந்திருக்காது. ஆனால் திரையில் நாங்கள் ஒருவருக்கொருவர் காட்டியவை எல்லாம் ஆயத்தம் செய்த பாடங்கள். ஆயத்தமில்லாத ஒரு சாதாரண நாளில், களைத்துப்போன பிற்பகல் வகுப்பில், சக ஆசிரியர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதை அருகில் அமர்ந்துதான் பார்க்க முடிந்தது.

எங்கள் கணித ஆசிரியர் இணைப்பள்ளியிலிருந்து, அதாவது எங்களோடு கூட்டுச் சேர்ந்த மற்ற நாட்டுப் பள்ளியிலிருந்து, கொண்டுவந்தது ஒரு மௌனம் என்றே சொல்வேன். அங்குள்ள ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு உடனே யாரையும் அழைக்காமல் காத்திருந்தாராம். பார்த்துக்கொண்டிருந்த இவருக்கு முதல் நாள் அது தாங்க முடியாததாக இருந்திருக்கிறது; மூன்றாம் நாள், வழக்கமாகக் கை உயர்த்தாத பிள்ளைகள் கை உயர்த்துவதைக் கவனித்திருக்கிறார். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்: கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் பொதுவாக ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, விடையே வராத தருணங்கள் குறைகின்றன. ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் அனைவரும் படித்த செய்திதான் இது. படித்தது வகுப்புக்குள் வர ஒருவர் இன்னொருவரின் வகுப்பறையில் பத்து நாள் உட்கார வேண்டியிருந்தது. பின்வரிசை மாணவி ஒருத்தி பின்னங்களை ஒப்பிடும் தன் சொந்த வழியை இந்த ஆண்டு முதன்முறையாக வகுப்புக்கு விளக்கியபோது, அந்த நொடிகளுக்கு இடம்கொடுத்த இணைப்பள்ளி ஆசிரியரை மனத்தில் வணங்கினேன்.

இணைப்பள்ளியின் ஒருங்கிணைப்பாளருக்கு என் நன்றி இதைவிட ஆழமானது. நிதி எந்த நாட்டிலிருந்து வருகிறதோ அந்த நாட்டுப் பள்ளி தன்னையறியாமலே வழங்குபவராகவும் மற்றது பெறுபவராகவும் மாறிவிடும் அபாயம் இத்தகைய கூட்டுறவுகளில் எப்போதும் உண்டு. தொடக்கத்திலேயே அவர் அதை வெளிப்படையாகப் பேசினார். இரு தரப்பிலிருந்தும் சம எண்ணிக்கையில் பயணம், வகுப்புகளைப் பார்வையிட்டு எழுத இரு தரப்புக்கும் ஒரே குறிப்பேடு, கூட்டங்களுக்கு மாறி மாறித் தலைமை என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தவர் அவரே. விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை மூன்று முறை திருத்தி அனுப்பியதும், நேர வேறுபாட்டால் தம் மாலைப் பொழுதுகளை எங்களுக்குத் தந்ததும் தனி.

எங்கள் அலுவலகக் கணக்கரை இங்கே குறிப்பிடாவிட்டால் இம்மடல் பொய்யாகிவிடும். எராஸ்மஸ் பிளஸ் போன்ற திட்டங்கள் பயணத் தூரத்தைப் படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிர்ணயித்த தொகையைத் தருகின்றன. எங்களுக்குக் கிடைத்த நிதியோ உண்மைச் செலவின் அடிப்படையிலானது. ஆகவே விமானத்தின் ஏறுசீட்டு முதல் காப்பீட்டுச் சான்று வரை ஒவ்வொரு தாளும் தேவைப்பட்டது. எந்தத் தேதியின் நாணய மாற்று விகிதத்தைக் கொள்வது என்பதைப் பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற்றவர் கணக்கர்தான். அந்த ஒரு கடிதம் இறுதித் தணிக்கையில் எங்களைக் காத்தது. முதல் தவணைக்கும் இறுதித் தவணைக்கும் இடைப்பட்ட காலத்தில் மீதிச் செலவைப் பள்ளி தானே சுமக்க வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியைத் தங்கள் நிதியிலிருந்து கடனாகத் தந்து நிரப்பிய பெற்றோர் சங்கத்தினருக்கும், வந்த ஆசிரியர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்த குடும்பத்தினருக்கும், வகுப்பறைப் படங்களுக்கான ஒப்புதல் படிவங்களை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இனி, என் சக ஆசிரியர்களுக்கு. இரண்டு ஆசிரியர்கள் பத்து வேலை நாட்கள் பள்ளியில் இல்லை என்றால், அவர்களுடைய ஒவ்வொரு பாடவேளையிலும் வேறு யாரோ ஒருவர் அந்த வகுப்பில் நின்றார் என்று பொருள். எங்களுக்குக் கிடைத்த நிதியில் மாற்று ஆசிரியருக்கான செலவினம் இல்லை. நீங்கள் உங்கள் ஓய்வு வேளைகளை விட்டுக்கொடுத்தீர்கள். வகுப்பை அமைதியாக உட்காரவைத்திருந்தாலே யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ பாடத்தை நிறுத்தாமல் நடத்தினீர்கள், விடைத்தாள்களைத் திருத்தினீர்கள், எந்த மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறிப்பு எழுதி வைத்தீர்கள். உங்களில் ஒருவர் அந்த வாரங்களில் தம் வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் அந்த வேளைகளை நானே ஏற்றிருப்பேன். கேட்டறியாதது என் பிழை, அதற்காக அவரிடம் இங்கே மன்னிப்பும் கேட்கிறேன்.

அடுத்த கட்டத்துக்கான விண்ணப்பத்தை இரு பள்ளிகளும் எழுதத் தொடங்கிவிட்டோம். மாற்று ஆசிரியர் ஊதியத்தைத் தனிச் செலவினமாகக் கேட்டிருக்கிறோம். பயணம் செய்யவிருப்பவர்களின் பட்டியலில், தலைமையாசிரியரின் இசைவோடு, சென்ற முறை வகுப்புகளை ஏற்று நடத்தியவர்களின் பெயர்களையே முதலில் எழுதியிருக்கிறேன்.

நன்றியுடன்,
பள்ளிக் கூட்டுறவுத் திட்ட ஒருங்கிணைப்பாளர்