சுவீடனும் சோஷலிசம், சீனாவும் சோஷலிசமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில் மேலே ஒரு கட்டுரை. அதில் 'சோஷலிச நாடான சுவீடன்' என்று போட்டிருந்தீர்கள். அதே பக்கத்தின் அடியில் ஒரு சின்னச் செய்தி. அதில் 'சோஷலிச நாடான சீனா'. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். படிக்கிறவள் நான் ஒருத்திதானே! சுவீடன்காரர் பிடிக்காத ஆட்சியை ஓட்டுப் போட்டு மாற்றுகிறார். சீனாக்காரருக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே பட்டத்தைக் கட்டிவிட்டீர்கள்.

நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. குடியாத்தம் வட்டத்தில் ஒரு கிராமத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 27 வருடம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனாலும் எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம், அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த சண்டை.

ஒரு பக்கம் என் கணவரின் அண்ணன். ராணிப்பேட்டையில் மத்திய அரசின் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) தொழிற்சாலையில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இன்னொரு பக்கம் என் தம்பி. ஆம்பூர் கம்பெனிக்கு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறான்.

"அரசாங்கம் இன்னாத்துக்குப்பா தொழில் நடத்தணும்? எல்லாத்தையும் தனியாருக்கு உட்டுட்டுப் போவணும்" என்று ஆரம்பித்தவர் பெரியவர்.

"முப்பது வருஷம் அரசாங்கக் கம்பெனியில சம்பளம் வாங்கிட்டு இப்பதான் உங்களுக்கு ஞானம் வந்துச்சா மாமா? தோல் கம்பெனியை எல்லாம் அரசாங்கமே எடுத்து நடத்தட்டும், எனக்கு பில்லாவது ஒழுங்கா பாஸாகும்" என்றான் தம்பி.

"அப்போ நீ கம்யூனிஸ்டா?"

"நான் எங்க கம்யூனிஸ்டு? எட்டுப் பேருக்கு சனிக்கிழமை சம்பளம் போடறேன்."

"அப்போ முதலாளி."

"முதலாளின்னா இவ்ளோ கடன் இருக்காது மாமா."

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். இவர்கள் இரண்டு பேரில் யார் இடது, யார் வலது? பெரியவர் வேலை பார்த்த பெல் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசிடம். மீதிப் பங்கு பங்குச் சந்தையில் விற்பனையாகிறது. நானும் வாங்கலாம், நீங்களும் வாங்கலாம். அது எந்தக் கணக்கில் சேரும்?

இடது, வலது என்ற பேச்சே 1789-இல் பிரெஞ்சு நாட்டுச் சபையில் ராஜாவின் அதிகாரத்துக்கு ஆதரவானவர்கள் தலைவருக்கு வலப்புறமும், எதிரானவர்கள் இடப்புறமும் உட்கார்ந்ததால் வந்தது. உட்கார்ந்த இடம், அவ்வளவுதான்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். என் அப்பா குடியாத்தத்தில் பீடித் தொழிலாளர் சங்கத்துக்காரர், செங்கொடி. அம்மா வீட்டில் பீடி சுற்றுவார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணி வாங்குகிறவர் கழித்துப் போட்டால் அதற்குக் கூலி இல்லை. 1954-இல் காமராஜர் முதலமைச்சராகிவிட்டு சட்டமன்றத்துக்கு நின்றது எங்கள் குடியாத்தத்தில்தான். எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர். காங்கிரஸை எதிர்த்து வளர்ந்த தி.மு.க.வும், பெரியாரும் அந்தத் தேர்தலில் காமராஜர் பக்கம். அப்போது ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும், அப்பாவுக்கு ஆகவில்லை. "கொடி பிடிச்சேன், ஓட்டு இல்ல, வேட்பாளரும் தோத்துட்டாரு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியார் மார்க்ஸ், எங்கெல்ஸ் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையை 1931-லேயே தன் குடி அரசு பத்திரிகையில் தமிழில் போட்டவர், அடுத்த வருடம் ரஷ்யா போய் வந்தவர். அவர் கம்யூனிஸ்டுக்கு எதிராக காங்கிரஸ்காரரை ஆதரித்தார். எங்கள் தொகுதியில் கம்யூனிஸ்டைத் தோற்கடித்த அந்தக் காங்கிரஸ் என்ன செய்தது? 1955 ஜனவரியில் ஆவடியில் மாநாடு கூட்டி, சோஷலிச பாணிச் சமுதாயம்தான் எங்கள் லட்சியம் என்று தீர்மானம் போட்டது! அது பிடிக்காமல் ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சி கண்டார். தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி வாங்க வேண்டியிருந்ததை, லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் என்று அவர் கேலி செய்தது உங்களுக்குத் தெரிந்ததே. சரி, 1967 தேர்தலில்? தி.மு.க. கூட்டணியில் ராஜாஜியின் கட்சியும் மார்க்சிஸ்டுகளும் ஒரே மேடை. அப்பா அப்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் வீட்டில் எங்களைத் திட்டினார்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1980-இல் பாரதிய ஜனதா கட்சி தொடங்கியபோது ஏற்றுக்கொண்ட கொள்கைகளில் ஒன்று காந்திய சோஷலிசம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவுப்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய வரும் எந்தக் கட்சியும் சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கு விசுவாசமாக இருப்போம் என்று தன் விதிகளில் எழுதியாக வேண்டும். அப்புறம் மேடையில் ஒருவரையொருவர் 'சோஷலிஸ்ட்' என்று திட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? அரசியல் சாசன முகவுரையில் அந்தச் சொல் நெருக்கடி நிலை நேரத்தில், 1976-இல், 42-ஆவது திருத்தத்தில் ஏறியது. அதை எடுக்கச் சொல்லி வந்த வழக்குகளை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, இங்கே அந்தச் சொல்லுக்கு மக்கள் நல அரசு என்றுதான் பொருள், தனியார் தொழிலுக்கு அது தடை இல்லை என்று விளக்கியது.

அரசியல் போகட்டும். எனக்குத் தெரிந்தது பால்.

எங்கள் சங்கத்தில் ஒரு மாடு வைத்திருக்கும் ஆயாவுக்கும் ஒரு ஓட்டு, பன்னிரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. கம்பெனியில் அப்படி இல்லை. எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு. கூட்டுறவுக்கும் முதலாளித்துவத்துக்கும் நடுவில் இருக்கும் கோடு எனக்குத் தெரிந்து இதுதான். லாபம் பார்க்கிறார்களா இல்லையா என்பது கோடு இல்லை. நாங்களும் லாபம் பார்த்தோம். வருடக் கடைசியில் அதைப் போனஸாகப் பிரித்தோம், யார் எவ்வளவு பால் ஊற்றினார்களோ அந்தக் கணக்குக்கு.

விலை? அதுதான் வேடிக்கை. எங்கள் பாலுக்கு நாங்கள் விலை சொல்லவில்லை; அது மேலே, அரசு சொல்வது. நாங்கள் செய்தது தரம் பார்ப்பது மட்டும். மெஷின் வருவதற்கு முன் கண்ணாடி டியூபில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் சேம்பிள் பால், ஒரு மில்லி ஆல்கஹால் விட்டுக் குலுக்கி, சுற்றும் மிஷினில் போட்டு எடுத்தால் கழுத்தில் மஞ்சளாகக் கொழுப்பு நிற்கும். குலுக்கும்போது டியூப் கை பொறுக்காத சூடாகிவிடும். என் புடவைகளில் ஆசிட் தெறித்து ஓட்டையாகாதது கல்யாணப் புடவை ஒன்றுதான். பால் கொண்டு வந்தவர் ஊர்ப் பெரியவரா, கைநாட்டா என்று டியூபுக்குத் தெரியாது. கொழுப்பு 3.8 சதவீதம் என்றால் 3.8. பெரிய இடத்துப் பாலில் தண்ணீர் அதிகம் இருந்து நான் வாங்கிய ஏச்சு தனிக் கதை.

சித்திரை, வைகாசியில் தீவனம் இல்லாமல் மாடுகள் பாலைக் குறைக்கும். அப்போது பார்த்துத் தனியார் வண்டி ஊருக்குள் வரும். லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூட, வேண்டுமானால் மாடு வாங்க முன்பணம். பாதி ஊர் அங்கே போய்விடும். ஐப்பசி மழை பெய்து பச்சைப்புல் முளைத்துப் பால் பெருகியதும் அதே வண்டி விலையை இறக்கும், சில நாள் வராமலே இருக்கும். வெயில் காலத்தில் சங்கத்தை விட்டுப் போனவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு சங்கத்து வாசலில் வந்து நிற்பார்கள். உறுப்பினர் பாலை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கினோம்.

வண்டிக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த வண்டி வராமல் இருந்திருந்தால் எங்கள் விலை எத்தனை வருடம் ஏறாமலே கிடந்திருக்குமோ. சங்கம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வண்டி ஐப்பசியில் என்ன விலை கொடுத்திருக்குமோ. இரண்டும் இருந்ததால்தான் மாட்டுக்காரர் தலை தப்பியது. இதைப் பாடப்புத்தகத்தில் கலப்புப் பொருளாதாரம் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

பெயர் ஒன்று, நடப்பு ஒன்று என்பதையும் அங்கேதான் பார்த்தேன். நிர்வாகக் குழுவுக்குத் தேர்தலே நடத்தாமல் அரசு நியமித்த தனி அலுவலர் கையெழுத்தில் சங்கம் ஓடிய வருடங்கள் உண்டு. அப்போது ஆயாவின் ஓட்டு எங்கே? போர்டில் 'கூட்டுறவு' என்ற எழுத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடந்தது அரசு அலுவலகம்.

ரேஷன் அரிசியும் இப்படித்தான். நெல் விளைவது தனியார் நிலத்தில். வாங்குவது அரசின் கொள்முதல் நிலையம், அரசு சொன்ன விலைக்கு. அரைப்பது பல இடங்களில் தனியார் மில். எங்கள் ஊர்க் கடையை நடத்துவது கூட்டுறவுச் சங்கம். நமக்கு இலவசம். அந்த 20 கிலோவில் எந்த மணி சோஷலிசம், எந்த மணி முதலாளித்துவம்?

காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு ஒரு நாள் போய் வந்தால் போதும். மாநில அரசின் வெடிமருந்துத் தொழிற்சாலை, அம்முண்டியில் கரும்பு விவசாயிகளின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, மத்திய அரசின் பெல், தனியார் தோல் தொழிற்சாலைகள், வேலூர் நகருக்குள் லாபம் பிரிக்காத அமைப்பாக நடக்கும் சி.எம்.சி. மருத்துவமனை, எல்லாம் கண்ணில் படும். தனியார் என்றால் இஷ்டத்துக்கு நடத்தலாம் என்பதும் இல்லை. நம் மாவட்டத்துத் தோல் கழிவு வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. பாலாற்றங்கரைக் கிணறுகளில் தண்ணீர் கெட்டவர்களுக்கு அந்த வார்த்தை எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பது வேறு.

இப்போது உங்கள் சுவீடன். அங்கே கம்பெனிகள் பெரும்பாலும் தனியார் கையில்தான். வரி அதிகம், அந்த வரியில் பள்ளிக்கூடம், மருத்துவம், முதியோர் கவனிப்பு. அதைச் சமூக ஜனநாயகம் என்று எழுதினால் சரி. அங்கே அரசு சட்டம் போட்டுக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிப்பதும் இல்லை. தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசி முடிவு செய்கிறார்கள். என் அம்மா சுற்றிய பீடிக்கு இங்கே அரசு கூலி நிர்ணயிக்கிறது. இந்த ஒரு கணக்கில் பார்த்தால் சுவீடனைவிடக் குடியாத்தம் சோஷலிசம் கூடின ஊர்!

சீனாவில் ஒரே கட்சியின் ஆட்சி, கம்யூனிஸ்ட் கட்சி. நகரத்து நிலம் அரசுக்குச் சொந்தம். ஆனால் 1978-க்குப் பிறகு சந்தையைத் திறந்துவிட்டார்கள், 1990-இல் ஷாங்காயில் பங்குச் சந்தையும் வந்துவிட்டது. சோவியத் நாட்டில் எந்தப் பொருள் எவ்வளவு செய்வது, என்ன விலை என்று மாஸ்கோவில் உட்கார்ந்து திட்டம் போட்டார்களே, அதுவும் இதுவும் ஒன்றல்ல.

சுவீடனின் வோல்வோ கார் கம்பெனி யாருடையது தெரியுமா? 1999-இல் அமெரிக்காவின் ஃபோர்டு வாங்கியது. 2010-இல் ஃபோர்டிடமிருந்து கீலி என்ற சீனக் கம்பெனி வாங்கியது. அந்தக் கீலியும் தனியார் கம்பெனி. உங்கள் கணக்குப்படி ஒரு சோஷலிச நாட்டுக் காரை, முதலாளித்துவ நாட்டிடமிருந்து, இன்னொரு சோஷலிச நாட்டு முதலாளி வாங்கியிருக்கிறார். இதைத் திண்ணையில் சொன்னபோதுதான் இரண்டு பேரும் வாயை மூடினார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை, ஐயா. சோஷலிசம், முதலாளித்துவம், இடதுசாரி, வலதுசாரி என்று எழுதும் இடத்தில் பக்கத்திலேயே இன்னும் ஒரு வரி சேருங்கள். சொத்து யாருடையது, விலை யார் சொல்வது, லாபம் யாருக்குப் போகிறது, பிடிக்காவிட்டால் ஆளை மாற்ற முடியுமா? இதில் அந்தச் செய்திக்கு எது பொருந்துமோ அது போதும். சொத்தும் விலையும் பொருளாதாரம். ஆளை மாற்றுவது ஆட்சிமுறை. இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டினால் வட கொரியாவையும் ஜனநாயக நாடு என்று எழுத வேண்டி வரும். அதன் பெயரில் அப்படித்தான் இருக்கிறது.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் போதாவிட்டால் ஆவடி, ராஜாஜி பத்திகளை வெட்டிக்கொள்ளுங்கள், அப்பா இருந்தால்தான் கோபித்துக்கொள்வார். பால் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால் சங்கச் செயலாளர்,
குடியாத்தம் வட்டம்.
(பெயர் போட வேண்டாம். ஊரில் இன்னும் பால் ஊற்றுகிறோம்.)