அப்பாவின் கேள்விக்குக் கோட்டிங்கனிலிருந்து பதில்

கோட்டிங்கன்,
ஜெர்மனி.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூளையை ஆராயப் போனவள் எதற்காக நாள் முழுவதும் கண்ணாடிக் குழாயோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

நரம்பு செல்லின் மின்னழுத்தத்தை அந்தக் குழாயால்தான் அளக்கிறோம். எலியின் மூளையை 0.3 மில்லிமீட்டர் தடிமனில் சீவி, ஆக்சிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் வைத்தால், அதன் நரம்பு செல்கள் சில மணி நேரம் உயிரோடிருக்கும். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, நுனியை ஏறக்குறைய ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு நுணுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தபடியே ஒரு செல்லை நோக்கி இறக்குவேன். நுனியில் அழுக்கு ஒட்டாதிருக்க அதுவரை உள்ளே காற்றழுத்தம் இருக்க வேண்டும். செல்லின் சவ்வில் சிறு குழி விழுந்ததும் அழுத்தத்தை விட்டு, ரப்பர் குழாய் வழியாக வாயால் மெல்ல உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடியோடு இறுக ஒட்டினால் மின்தடை கிகா ஓம், அதாவது நூறு கோடி ஓம் அளவுக்கு ஏறும். பிறகு வெடுக்கென்று இன்னொரு உறிஞ்சல். சவ்வு திறந்து, திரையில் மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவில் கோடு நிற்கும். நகைப் பட்டறையில் ஊதுகுழலில் நீங்கள் மூச்சை அளந்து விடுவதைப் போன்றதுதான் இதுவும். மூத்த மாணவியின் கன்னத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். இந்த முறைக்கு வழிதிறந்து 1991இல் நோபல் பரிசு பெற்ற எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் இந்த ஊரில்தான் அதை உருவாக்கினார்கள்.

பக்கத்து மேசையில் இருக்கும் ஹங்கேரிக்காரர், தரை அதிரும் என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடுதான் நடமாடுவார். அதிர்வு தாங்கவே காற்றில் மிதக்கும் மேசை இருக்கிறது என்று யார் அவரிடம் சொல்வது!

உதவித்தொகை போதுமானதாகவே இருக்கிறது. முன்பிருந்தவர் விட்டுச்சென்ற குளிரங்கி பொருந்திவிட்டதால் புதிது வாங்கவில்லை. அண்ணன் கேட்ட தொகையை மட்டும் பங்குனியில் அனுப்புகிறேன். அறையைவிட ஆய்வகம் கதகதப்பாக இருப்பதால் இரவில் வெகுநேரம் இங்கேயே இருந்துவிடுகிறேன். குழாயைச் சூடாக்கும்போதெல்லாம் நம் பட்டறையில் உமி புகையும் மணத்தை மூக்கு தேடுகிறது, அப்பா.

கண் மங்குகிறது, பட்டறையை விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கண்புரை அறுவைச் சிகிச்சையை முடித்துக்கொள்ளுங்கள். அம்மாவும் பெரியம்மாவும் கூட வரட்டும். தாத்தா காலத்து அச்சுகளை எடைக்குப் போட வேண்டாம். சித்தப்பா பங்கு கேட்டால் அத்தையை வைத்துக்கொண்டு பேசுங்கள்; எழுதிக் கையெழுத்து வாங்காமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்