பழைய கேட்டலாக்குகளை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மவுண்ட் ரோடு ஸ்பென்சர் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1863-இல் தொடங்கிய கதையும் 1983 தீ விபத்தும் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் பெரிய கடை என்றால் சென்னை, கேட்டலாக் (தபாலில் விற்கும் பொருள்களின் படமும் விலையும் போட்ட புத்தகம்) என்றால் அமெரிக்காவின் சியர்ஸ் கம்பெனி என்று முடித்துவிட்டதுதான் மனதுக்கு ஒப்பவில்லை. கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம். எங்களுக்கெல்லாம் பெரிய கடை என்பது புதுச்சேரி நேரு வீதி முழுவதும்தான், என் தாத்தா அதைக் கடைசிவரை துய்ப்ளெக்ஸ் வீதி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது விற்பனை வரி அங்கே குறைவாக இருந்ததால் மிக்ஸி, டிவி வாங்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் பாதிப்பேர் புதுச்சேரிக்குத்தான் பஸ் ஏறுவார்கள், திரும்பி வரும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டும்வரை அப்பா வாயே திறக்க மாட்டார்.

சரி, கேட்டலாக்குக்கு வருகிறேன். என் பெரியம்மாவைப் புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்). 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் அதுவும் ஒன்று. பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிறவர்களின் பெட்டியில் சென்ட் பாட்டில், சாக்லெட்டுக்கு அடியில் லா ரெதூத் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கேட்டலாக் ஒன்று கண்டிப்பாக இருக்கும். ரூபே என்ற ஊரில் கம்பளி நூல் ஆலை நடத்தியவர்கள் 1928-இல் முதல் கேட்டலாக் போட்டார்களாம், நாங்கள் பார்த்த காலத்தில் அது சிறுபிள்ளைகள் ஒரு கையால் தூக்க முடியாத கனம். கோட்டு, ஸ்வெட்டர், திரைச்சீலை, கட்டில், பொம்மை என்று பக்கம் பக்கமாகக் கலர் படம், விலையெல்லாம் பிராங்கில்.

அதிலிருந்து யாரும் எதையும் ஆர்டர் செய்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெரியம்மா அதைப் பையில் வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருந்த தையல்காரரிடம் போவார், நானும் அக்காவும் கூடவே ஓடுவோம். தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டே குனிந்து, கொசுவம் எத்தனை, காலர் எப்படித் திரும்புகிறது, ஜிப் பின்னாலா பக்கத்திலா என்று பார்ப்பார், அப்புறம் அளவு நாடாவை எடுத்து அக்காவை அளந்து, அதே பக்கத்தின் ஓரத்திலேயே காதில் செருகியிருந்த பென்சிலால் நீளம், மார்பு, இடுப்பு என்று தமிழில் எழுதிவிடுவார். அந்தப் பிரெஞ்சுச் சிறுமியின் காலடியில் என் அக்காவின் அளவு! ஒரு புத்தகம் தெருவில் பல வீடுகளுக்குப் போய் வரும், ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது ஒரு பிள்ளையின் அளவு இருக்கும். துணி நேரு வீதியில் எடுத்த பாப்ளின், தையல் நம்ம ஊர்த் தையல், மாடல் மட்டும் பிரான்ஸ்.

எங்கள் வீட்டில் வேறு மாதிரி. போஸ்ட் கார்டு 15 பைசாவுக்கு விற்ற காலத்தில் அப்பா பத்திரிகை விளம்பரம் பார்த்து, விதைக் கம்பெனி, புத்தகக் கம்பெனி என்று எல்லாருக்கும் விலைப்பட்டியல் கேட்டு எழுதுவார். வந்த பட்டியலில் பேனாவால் டிக் அடித்து, அம்மாவிடம் கணக்குச் சொல்லி, தபால் செலவு தனி என்ற வரியைப் பார்த்து இரண்டை அடித்துவிட்டுத்தான் ஆர்டர் போகும். வி.பி.பி. என்ற தபால் முறையில் தபால்காரரிடம் பணத்தைக் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும், பிரித்துப் பார்த்துவிட்டுக் கட்ட முடியாது. 1877-இல் நம் தபால் துறையில் வந்த ஏற்பாடு இது. தபால்காரர் வந்து நிற்கும்போது வீட்டில் பணம் இருக்க வேண்டுமே என்று அரிசிப் பானையில் அம்மா தனியாக எடுத்து வைத்திருப்பார்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இந்தக் காகிதங்கள் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருக்கின்றன. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலில் அட்டை கிழிந்த கேட்டலாக்குகளை நானே பார்த்திருக்கிறேன், இப்போது அதுவும் கண்ணில் படுவதில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் எடைக்குப் போவது இவைதான். அமெரிக்காவில் சியர்ஸ் தன் பெரிய கேட்டலாக்கை 1993-இல் நிறுத்திவிட்டாலும் 1897-ஆம் வருஷத்துப் பிரதியை மறுபதிப்பே போட்டிருக்கிறார்கள், அன்றைக்கு ஜனங்கள் எதை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று தெரிந்துகொள்ள அதைப் புரட்டுகிறார்கள். நமக்கும் இது புதிதில்லை. 1736-இலிருந்து 1761 வரையிலான புதுச்சேரியின் வியாபாரம் இன்றைக்கு நமக்குத் தெரிகிறதென்றால், ஆனந்தரங்கப் பிள்ளை உட்கார்ந்து தினப்படி எழுதி வைத்ததும் ஒரு காரணம்.

1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் புதுச்சேரியில் இருக்கிறது. பழைய கேட்டலாக், விலைப்பட்டியல், வி.பி.பி. ரசீது, கடைகள் கொடுத்த காலண்டர் இவற்றுக்கென்று அதில் ஒரு அலமாரி ஒதுக்கி, பொதுமக்களிடம் கேட்டு வாங்க வேண்டும். குறிப்பாக ஓரத்தில் எழுத்து உள்ளவற்றை. அச்சடித்த பிரதி பிரான்சில் கிடைக்கும், நம் தையல்காரர் எழுதிய அளவு அங்கே கிடைக்காது.

உங்கள் இதழிலும் ஒரு அறிவிப்புப் போட்டு வாசகர்களிடம் படங்கள் கேளுங்கள். பெரியம்மா வீட்டிலிருந்து வந்த ஒன்று, முன் அட்டை இல்லாமல், என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்துள்ள பக்கங்களை ஸ்கேன் செய்து இந்த வாரமே அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.