திரைக்குப் பின்னால் வந்த குரல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கோடை விடுமுறைக் கலை முகாம் நேற்றோடு முடிந்தது. பத்து நாளும் நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை என்று நீ வருத்தப்பட்டதாக அம்மா சொன்னாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற சங்கதி அல்ல என்பதால் எழுதுகிறேன்.

முகாமில் தெருக்கூத்துச் சொல்லித்தர அழைத்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. எட்டு வயதில் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சேர்ந்து, திரை பிடித்தும் தாளம் போட்டும் ஐந்து வருடம் கழித்துத்தான் முகத்தில் அரிதாரம் பூசிய எனக்கு, பத்து நாளில் கூத்தைக் கற்றுத்தருவது ஊரை ஏமாற்றுகிற வேலையாகவே பட்டது. 2025-இல் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நம் பக்கத்தில் எல்லோரும் கூத்தைப் பெருமையாகப் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவரும் பிள்ளையைக் கூத்துப் பழக அனுப்பவில்லை. முகாமிலும் முதல் நாளே ஒரு தாயார், பரதநாட்டியம் கிடையாதா, சான்றிதழாவது உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பையனை உட்கார வைத்தார்.

விடிய விடிய ஆடுகிற, அபிமன்யுவின் கதையான ‘அபிமன்னன் சண்டை’யை நாற்பது நிமிடத்துக்குச் சுருக்கினேன். கல்யாண முருங்கையில் செதுக்கிக் கண்ணாடி பதித்த நம் புஜக்கட்டையும் கிரீடமும் அந்தச் சிறு தோள்களில் நிற்காது என்பதால், அட்டையில் வெட்டிச் சரிகைத்தாள் ஒட்டிக் கட்டினோம். அடவு பழகும்போது ஒரு பையன் சொல்லுக்கட்டை, அதாவது தாளச் சொற்களை, வாய்க்குள் முணுமுணுத்து எண்ணிக்கொண்டே ஆடுவான். எண்ணிக்கை தவறினால் அப்படியே நின்றுவிடுவான். ஆறாம் நாள் காலையில் அவனுடைய உதடு அசையவில்லை. மிருதங்கம் காலுக்கு இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. நான் மேடையில் வாங்கிய எந்தக் கைதட்டலும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது.

கதை சொல்லும்போது, அபிமன்னனுக்குப் பத்ம வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்றேன். “மீதியை ஏன் யாரும் சொல்லித்தரல?” என்று அதே பையன் கேட்டான். அவன் கருவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது தாய் சுபத்திரை பாதியில் தூங்கிப்போன கதையைச் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் பத்து நாளில் நுழைவதை மட்டும் காட்டி அனுப்பப்போகிற வாத்தியார் நானும்தானே என்று அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. முகாம் முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டு வாசலில் வகுப்பு நடத்துவதாக மறுநாளே அறிவித்துவிட்டேன். அம்மாவைக் கேட்காமல் சொன்னதற்கு இன்னும் திட்டு வாங்குகிறேன்.

ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வயது இருக்கும். பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வாள். ஏழாம் நாள் இரண்டு பேரைத் திரை பிடிக்கச் சொல்லி, வேடம் திரைக்குள் நின்றே முதல் பாட்டைப் பாடுகிற முறையைப் பழக்கினேன். அவள் முறை வந்தது. பார்க்கிற கண் எதுவும் இல்லை என்றதும் சுபத்திரையின் பாட்டு அந்தத் திரையைத் தாண்டி, முகவீணை என்கிற ஊதுகுழலுக்கு இணையாக எழுந்தது. ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திரையை விலக்கியபோதும் அவள் பாட்டை விடவில்லை. நாற்பது வருடமாக அந்தத் திரையை வேடத்தின் கம்பீரத்துக்கான ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன். கூச்சப்படுகிற குழந்தைக்கு அது ஒரு மறைவிடமும்கூட என்பதை இவள் எனக்குக் காட்டினாள்.

அப்போது உன் நினைவுதான் வந்தது. இதே வயதில் நீ வேடம் கட்டக் கேட்டபோது, பெண் பிள்ளை கூத்தாடுவது நம்மிடம் வழக்கமில்லை என்று ஒரே வார்த்தையில் மறுத்தேன். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த காலத்தில் வளர்ந்தவன் என்பது காரணமாகலாம், நியாயமாகாது. நீ அதைப் பிறகு ஒருபோதும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த மே மாதமும் முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு ஒரு வாரம் விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டு எழுது. திரையின் ஒரு முனையைப் பிடிக்க எனக்கு ஆள் வேண்டும். உனக்குப் பாட மனமிருந்தால் நானே பிடிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா