நிலவறையில் மூன்று டன்

பாட்ஸ்வில் அருகே, பென்சில்வேனியா
அக்டோபர் 12

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் கரிதான் காரணம். சென்ற செவ்வாய்க்கிழமை மூன்று டன் வந்து இறங்கியது. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் நிலவறையில் இடம் ஒழித்துக்கொண்டிருந்தேன். வந்த பிறகு நான்கு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். நெய்வேலியில் பிறந்து வளர்ந்து, அப்பாவின் சட்டைக் காலரில் படியும் பழுப்புத் தூசியைத் துவைத்துத் துவைத்து அலுத்து, இனி கரி இருக்கும் ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொன்னவள் நான். அறுபதைத் தாண்டிய பிறகு என் சொந்தக் காசில் கரி வாங்கிக் குவித்திருக்கிறேன். சிரித்துக்கொள்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படியை எண்ணிக்கொண்டு ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாய். நானும் எண்ணத் தொடங்கிவிட்டேன். நிலவறைக்குப் பதினொரு படி. இறங்கும்போது காலி வாளி, ஏறும்போது சாம்பல் வாளி. உனக்காவது பிடித்துக்கொள்ளக் கை இரண்டும் சும்மா இருக்கின்றன.

போன ஜனவரியில் பனிமழை பெய்து மூன்று இரவு மின்சாரம் இல்லாமல் போனதைத் தொலைபேசியில் சொன்னேன். நீ பாதியைத்தான் காதில் வாங்கினாய் என்று தெரியும், அதனால்தான் கடிதம். எண்ணெய்த் தொட்டி நிறைந்திருந்தது. ஆனால் கொதிகலனின் சுடரைப் பற்றவைப்பதும் வெந்நீரைக் குழாய்களில் ஓட்டுவதும் மின்சாரம்தானே. தொட்டி நிறைய எண்ணெயை வைத்துக்கொண்டு, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரியில், மூன்று கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி என்னை அழைத்துப்போனாள். அவள் சமையலறையில் கரி அடுப்பு. மின்சாரம் போனதே அதற்குத் தெரியவில்லை. கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு பாட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

என் வீட்டு நிலவறையிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று நினைவூட்டியதும் அவள்தான். வீட்டை விற்றவர்கள் விட்டுப்போன இரும்பு அடுப்பு. நான் அதன் மேல் கொலு பொம்மைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன்! பிப்ரவரியில் பெட்டிகளை இறக்கினேன். புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர் மேலேயிருந்து ஒரு கூடை சருகும் அணில் கூடும் எடுத்தார். மிச்சக் குளிர்காலத்தை மூட்டைக் கரி வாங்கி ஓட்டினேன். இந்த ஆண்டுதான் முழுச் சம்சாரம்.

கரிக்குச் சொல்ல இங்கே தொலைபேசியில் அழைத்தால் முதல் கேள்வி, "உங்களுக்கு அரிசியா, நட்டா?" என்பது. மளிகைக் கடைக்குத் தவறிப் போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். வெட்டி எடுத்த கரியை உடைத்து, வெவ்வேறு கண்ணுள்ள சல்லடைகளில் சலித்து, அளவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பார்லி, அரிசி, பக்வீட், பட்டாணி, நட், ஸ்டவ், முட்டை. அரிசிக் கரி என்றால் உண்மையிலேயே அரிசியைவிடச் சற்றுப் பெரிய மணிதான். அது மோட்டார் வைத்துத் தானாகத் தள்ளிக்கொள்ளும் அடுப்புகளுக்கு. மோட்டார் என்றால் மறுபடி மின்சாரம். கையால் அள்ளிப் போடும் என் அடுப்புக்கு நட். எலுமிச்சைக்குச் சின்னது, கொட்டைப்பாக்குக்குப் பெரியது. சலித்துப் பெயர் வைக்கிற வேலையைச் செய்த முன்னோர் ஒரு பெரிய சமையலறையில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

லாரி வந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பின்பெட்டி அப்படியே ஆகாயத்துக்கு உயர்ந்து, நிலவறை ஜன்னல் வழியாக ஒரு தகரச் சரிவை நுழைத்து, கதவைத் திறந்துவிட்டார்கள். கூழாங்கல் அருவி விழுவது போல இருபது நிமிடம். தூசி பறக்காமல் இருக்கக் கழுவி அனுப்புகிறார்கள். சொட்டச் சொட்ட வந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது, கை கறுக்கவில்லை. நம் ஊர்க் கரியை நினைத்துப் பார். உடைத்தால் மரச்சிராய் தெரியும், பாதிக்குப் பாதி தண்ணீர், வெயிலில் வைத்தால் பொரிந்து உதிரும். ஆந்த்ரசைட் என்கிற இந்தக் கரி 30 கோடி ஆண்டு மண்ணுக்கடியில் இறுகியது. நம்முடையது அதன் முன்னால் தொட்டில் குழந்தை. கிலோவுக்கு ஏறக்குறைய 7,000 கிலோ கலோரி. நெய்வேலிக் கரியைப் போல இரண்டரை மடங்கு சூடு. அப்பா இருந்திருந்தால் ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் நம் குடியிருப்பு வட்டம் முழுக்கக் காட்டியிருப்பார்.

ஆனால் இதன் குணம் வேறு. பற்றவைக்கவே ஒரு மணி நேரம். காகிதம், சுள்ளி, பிறகு நல்ல வைரம் பாய்ந்த விறகு. அது தணலாகும் வரை காத்திருந்து, மேலே மெல்லிய ஒரு பரப்புக் கரி. படபடவென்று பொரியும் சத்தம் வரும். அது அடங்கி நீலச் சுடர் தலைகாட்டினால் இன்னொரு பரப்பு. இந்தக் கரியை முதலில் எரித்துக் காட்டியவர் என்று இவர்கள் கொண்டாடுகிற ஜெஸ்ஸி ஃபெல், 1808 பிப்ரவரியில் வில்க்ஸ்-பேரியில் தன் வீட்டுக் கணப்பில் ஒரு இரும்புக் கிராதியை வைத்து அதைச் செய்தார். அதுவரை பெரும்பாலோர் இதைக் கறுப்புக் கல் என்றே ஒதுக்கினார்களாம். அவர் கண்டது கீழேயிருந்து காற்று வர வேண்டும் என்பதை மட்டும்தான். உன் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் குமுட்டி அடுப்பின் வாய்க்கு நேரே விசிறும்போது தெரிந்திருந்த விஷயம்; அவர்களை யாரும் வரலாற்றில் எழுதவில்லை.

நான் தோற்றது குமுட்டிப் பழக்கத்தால். தீ மங்கினால் இடுக்கியால் மேலேயிருந்து கிளறிவிடுவோமே? நெய்வேலிப் பழுப்புக் கரியில் செய்த லெக்கோ கரிக்கட்டிக்கு அது சரி. இதை அப்படிக் கிளறினேன், கால் மணியில் செத்துப்போனது. மறுபடி சுள்ளி, மறுபடி விறகு. மூன்றாம் முறை பாட்டி வந்து என் கையிலிருந்த கம்பியை வாங்கி மூலையில் சாத்தினாள். மேலே தொடவே கூடாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதைக் குட்டையாக, வெடுக்கு வெடுக்கென்று உலுக்கினால் கிராதி அசைந்து சாம்பல் கீழே விழும். சாம்பல் தட்டில் சிவப்பு தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, பன்னிரண்டு மணி நேர இடைவெளி. புதுக் கரி போடும்போது ஒரு மூலையில் தணலைத் திறந்தே விட வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டால் வாயு தேங்கி, 'டப்' என்று கதவே அதிரும்படி ஒரே நேரத்தில் பற்றும். ஒரு முறை கேட்டுவிட்டேன்; இனி அந்த மூலையை மறக்க மாட்டேன்.

அந்த நீலச் சுடர்களைப் பாட்டி "நீலப் பெண்கள்" என்கிறாள். தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நீலப் பெண்கள் ஆடுகிறார்களா?" என்பாள். அழகான பேச்சுதான். ஆடுவது கார்பன் மோனாக்சைடு. அது அடுப்புக்குள்ளே எரிந்தால் சுடர், எரியாமல் வீட்டுக்குள் வந்தால் எமன். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அதனால் பேட்டரியில் ஓடும் எச்சரிக்கை மணி இரண்டு வாங்கி, ஒன்றை நிலவறையிலும் ஒன்றைப் படுக்கை அறை வாசலிலும் மாட்டியிருக்கிறேன்.

மார்ச்சில் நடந்ததை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. அன்று உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன், சாந்தி டீச்சர் இறந்ததைச் சொன்னாயே, அந்த நாள். தீ சீக்கிரம் பிடிக்கட்டும் என்று சாம்பல் கதவைத் திறந்துவைத்துவிட்டு மேலே வந்து போனை எடுத்தவள், அழுது முடித்து நாற்பது நிமிடம் கழித்துக் கீழே போனேன். புகைக்குழாயின் அடிப்பகுதி மங்கலாகச் சிவந்திருந்தது. கதவை மூடிவிட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கறுப்பாக அரை மணி ஆயிற்று. இப்போது சாம்பல் கதவு திறந்திருந்தால் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. யார் செத்தாலும்.

சாமிநாதன் கலிபோர்னியாவிலிருந்து கண்டிக்கிறான். "இந்தக் காலத்தில் கரியாம்மா?" அவன் சொல்வதில் தப்பில்லை. அதே சூட்டுக்கு எண்ணெயைவிட ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடுதல் கரியமிலவாயு. எனக்கும் படிக்கத் தெரியும். ஒரு டன் கரி சுமார் 180 கேலன் எண்ணெய்க்குச் சமம், செலவு பாதி என்று கணக்குக் காட்டினேன். கலிபோர்னிய வெயிலில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது பதிலாகப்படவில்லை. மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போடலாம் என்கிறான். இந்த வீட்டின் சுவர்களை முதலில் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும், அது தனிச் செலவு. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன், அடுப்பை மட்டும் யாரும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு. நியாயம் அவன் பக்கம், குளிர் என் பக்கம்.

பாட்டிக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை என்று நினைக்காதே. அவள் தாத்தா ஒன்பது வயதில் கரி உடைக்கும் ஆலையில் சேர்ந்தவர். சரிந்து ஓடுகிற கரிக்கு மேல் பலகையில் உட்கார்ந்து, கல்லைப் பொறுக்கி எறிகிற பையன்கள். 1911-இல் லூயிஸ் ஹைன் பிட்ஸ்டனில் எடுத்த புகைப்படங்களில் அந்தப் பையன்களைப் பார்த்தேன். முகத்தில் கண்வெள்ளை மட்டும்தான் வெள்ளை. பாட்டியின் அப்பா சுரங்கத்துக்குள் இருந்தவர், நுரையீரலில் கரி படிந்து கடைசி ஆறு ஆண்டும் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாராம். அதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பில் ஒரு வாளி போட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

கோடையில் என்னை சென்ட்ரேலியாவுக்கும் அழைத்துப்போனாள், அரை மணிப் பயணம். 1962 மே மாதம் குப்பை மேட்டில் வைத்த தீ பூமிக்கடியில் கரிப் படுகையைப் பிடித்துக்கொண்டு இன்னும் எரிகிறது. ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊர். 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 4.2 கோடி டாலர் ஒதுக்கி, பெரும்பாலோர் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். 2002-இல் அஞ்சல் குறியீட்டையும் எடுத்துவிட்டார்கள். தெருக்கள் அப்படியே இருக்கின்றன, இரு பக்கமும் புதர். 1962 என்றதும் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது: நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் எந்திரம் ஓடியதும் அந்த ஆண்டுதான், நாம் பிறந்ததும் அந்த ஆண்டுதான். சென்ட்ரேலியாவில் 60 ஆண்டுக்கு மேலாக அணைக்க முடியாத கரி, என் அடுப்பில் கொஞ்சம் அசட்டையாக இருந்தால் அணைந்துவிடுகிறது.

சாம்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளைக்கு இருபது கிலோ எரித்தால் இரண்டு மூன்று கிலோ சாம்பல். மூடியுள்ள இரும்புத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். பாத்திரம் தேய்க்க ஆகுமா என்று பார்த்தேன். அம்மாவின் எவர்சில்வர் அடுக்கில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். ஆனால் பனி உறைந்த வாசலில் தூவினால் கால் வழுக்காது. பாட்டி விடியற்காலையில் குனிந்து தூவுவதைப் பார்க்கும்போது மார்கழியில் நம் 16-ஆம் வட்டத் தெரு நினைவுக்கு வரும், கோலம்தான் சாம்பல் நிறம்.

உனக்கு நம்பிக்கை வராத ஒன்று: இட்லி மாவு. இந்த ஊரில் எத்தனை குளிர்காலம் மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றியும், விளக்கெரியும் ஓவனுக்குள் வைத்தும் பார்த்தேன்! கல்லாகத்தான் இருக்கும். இப்போது அடுப்புக்கு மேலே நான்காம் படியில் வைக்கிறேன். மூன்றாம் படி சூடு அதிகம், புளித்துவிடுகிறது. ஐந்தாம் படி போதாது. நான்கில் வைத்தால் எட்டு மணி நேரத்தில் மூடியைத் தூக்குகிறது. நேற்று இரவு இந்தப் பருவத்தின் முதல் தீ வைத்தேன்; காலையில் முதல் ஈடு பாட்டிக்குக் கொடுத்தேன். சாம்பாரைத் தொடவில்லை, இட்லியில் வெண்ணெயும் மேப்பிள் பாகும் ஊற்றிக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அம்மா உன் அம்மாவிடம் சில சாமான்களைக் கொடுத்துவிட்டு வந்தாள். அதில் அப்பா பட்டறையில் சொல்லி அடித்த இரும்பு இடுக்கி ஒன்று இருந்தது, நுனி வாத்து மூக்கு மாதிரி தட்டையாக இருக்கும். சாம்பல் தட்டில் தவறி விழும் நல்ல கரித்துண்டை எடுக்க இங்கே விற்கிற எதுவும் வாகாக இல்லை. உங்கள் பரணில் இருக்கிறதா என்று பார். நீ ஏறாதே, யாரையாவது ஏறச் சொல். முரளி ஜனவரியில் அலுவலக வேலையாக நியூ ஜெர்சிக்கு வருகிறான் என்று எழுதியிருந்தாயே, அவனிடம் கொடுத்தனுப்பு. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் வைக்கச் சொல். அவன் இங்கே இரண்டு நாள் தங்க வேண்டும்; குளிரும் என்று பயப்பட வேண்டாம்.

மணி ஒன்பது ஐம்பது. பத்துக்கு உலுக்க வேண்டும்.

அன்புடன்,
ருக்கு